நிழலில் விழும் சூரியர்கள்

மாமரத்து நிழலிலே நண்பகல் வேளையில் அமர்ந்திருந்தோர், தரையிற் சிதறிக்கிடக்கும் ஒளிப்பொட்டுக்களைக் கண்டிருப்பர். கிடுகு வேய்ந்த பழைய வீடுகளில் வளர்ந்தோர்க்கோ இக்காட்சி இன்னும் நெருக்கமானது. கூரையின் ஓட்டைகளூடாக இறங்கும் வெயில், சாணமிட்டு மெழுகிய அடுக்களைத் தரையிலே காசு காசாக விழுந்து கிடக்கும். அடுப்புப் புகை எழுந்ததும் ஒவ்வொரு காசுக்கும் மேலே ஒரு வெள்ளிக் கம்பு தோன்றிக் கூரை வரை நிற்கும். தவழும் குழந்தை அக்காசைப் பொறுக்கப் போய், காசு தன் புறங்கையின் மேல் ஏறியிருப்பதைக் கண்டு திகைக்கும்.

அந்தக் காசுகள் யாவும் வட்டமாக இருப்பது ஏன்? கூரையின் ஓட்டை வட்டமானதன்று. ஓலை கிழிந்தவாறே அதுவும் அமைந்திருக்கும். மாவிலைகளுக்கு இடைப்பட்ட வெளியும் மூன்று மூலையாக, ஐந்து மூலையாக, பெயரிட முடியாத வடிவங்களாக இருக்கும். இவற்றினூடாக வந்த ஒளி மட்டும் எவ்வாறு ஒரே அச்சில் வார்த்தாற்போல் வட்டமாகிறது?

வானம் ஏன் நீலமாயிருக்கிறது, வானவில் ஏன் வளைந்திருக்கிறது, முகம் பார்க்கும் கண்ணாடியிலே வலக்கை ஏன் இடக்கையாகத் தோன்றுகிறது என்று மாணவர்கள் ஒளியைப் பற்றி வினவும் வினாக்கள் பல. அவற்றுக்கெல்லாம் பாடநூல்களில் விடை கிடைக்கும். இந்த வட்டக் காசைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால், இதன் விடையை அறிந்த வீட்டார் சூரிய கிரகண நாளிலே தம் பிள்ளைகளின் கண்களைக் காத்துக்கொள்வர். ஆதலின், மற்ற வினாக்களை விடுத்து இதனையே இங்கு எடுத்துக்கொண்டோம்.

வினா மிகப் பழையது. அரிஸ்டோட்டிலின் பெயரால் வழங்கிவரும் வினாத் தொகுதி ஒன்றிலே, பிரம்புப் பின்னலின் நாற்கோண இடைவெளிகளூடாக வரும் வெயில் நாற்கோணமாக விழாமல் வட்டமாக விழுவது ஏன் என்று கேட்கப்பட்டிருக்கிறது. கிரகண வேளையில் சல்லடையூடாகவோ, அகன்ற மரத்திலைகளூடாகவோ, ஒரு கையின் விரல்களை மறு கையின் விரல்கள் மேல் குறுக்காக வைத்த இடைவெளிகளூடாகவோ வரும் ஒளி பிறைவடிவாக விழுகிறதே, அஃது ஏன் என்றும் அதே தொகுதி கேட்கிறது. கேட்டவர்கள் கூர்மையாகப் பார்த்தவர்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் நிறைவான விடையை அவர்களாற் கூற முடியவில்லை.

பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் என்னும் அறிஞர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், கிரகணத்தின் வடிவத்தைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார். சிறிய துளையூடாகப் பிறைவடிவம் கிடைப்பதும், துளையைப் பெரிதாக்கினால் அப்பிறை மறைந்துவிடுவதும் ஏன் என ஆராய்ந்தார். பின்னர் 1600 ஆம் ஆண்டு யூலை 10 ஆந் திகதி, ஒஸ்திரியாவின் கிராஸ் நகரச் சந்தை வெளியிலே கெப்ளர் ஊசித்துளைக் கருவி ஒன்றை நாட்டிக் கிரகணம் பார்த்தார். 1604 இல் அவர் வெளியிட்ட நூலிலே வினாவின் முடிச்சு அவிழ்ந்தது.

கெப்ளர் கையாண்ட முறை மிக எளியது. அவருக்கு வேண்டியிருந்தவை ஒரு புத்தகமும் ஒரு நூலுமே. புத்தகத்தை உயரத்தில் வைத்தார்; அதுவே ஒளிதரும் பொருள் என்று வைத்துக்கொண்டார். அதற்கும் தரைக்கும் நடுவே, பல மூலைகளையுடைய துளையிட்ட பலகையை நிறுத்தினார். புத்தகத்தின் ஒரு மூலையிலே நூலைக் கட்டி, அதைத் துளையின் விளிம்பைத் தொட்டவாறு தரைவரை இழுத்தார். நூல் ஒளிக்கதிருக்கு ஈடு. விளிம்பு முழுவதையும் சுற்றிவந்து தரையிற் கோடிட்டபோது துளையின் வடிவம் கிடைத்தது. நூலைப் புத்தகத்தின் அடுத்த மூலைக்கு மாற்றினார். அதே துளை வடிவம் சற்று அப்பால் விழுந்தது. இவ்வாறு புத்தகத்தின் விளிம்பெங்கும் நூலைக் கட்டிக் கட்டி வரைந்து முடித்தபோது, தரையிலே அத்துளை வடிவங்கள் யாவும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து புத்தகத்தின் வடிவத்தையே உண்டாக்கியிருந்தன.

இதனை நம் வீட்டு முற்றத்துக்கு மாற்றிப் பார்ப்போம். மூன்று மூலையுள்ள சிறிய இலைத்துண்டு ஒன்றை அரிசிமாக் கரைசலில் தோய்த்து, தரையில் வரைந்த பெரிய வட்டம் ஒன்றின் உள்ளே இடைவெளியின்றி ஒற்றி நிரப்புங்கள். தூர நின்று பார்த்தால் முக்கோணம் எதுவும் தெரியாது. ஓரம் சற்றே கலங்கிய வட்டந்தான் தெரியும். சூரியன் ஒரு புள்ளியன்று, தட்டு. அத்தட்டின் ஒவ்வொரு புள்ளியும் இலை இடைவெளியின் வடிவத்தைத் தரையில் ஒருமுறை ஒற்றுகிறது. எண்ணிறந்த ஒற்றல்கள் கூடிய இடத்தில் நிற்பது தட்டின் வட்டமே. ஆகவே, குழந்தை பொறுக்க முயன்ற காசு ஓட்டையின் படமன்று. சூரியனின் படம், தலைகீழாக விழுந்த விம்பம்.

அளவும் இதற்குச் சான்று. சூரியத் தட்டு நம் கண்ணுக்கு அரைப் பாகையளவு அகலமாகத் தோன்றுகிறது. அதனால், துளையிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் விழும் விம்பம் ஏறத்தாழ ஒன்பது மில்லிமீற்றர் அகலமிருக்கும். மூன்று மீற்றர் உயரக் கூரையிலிருந்து விழுவது பெரிய நாணயம் ஒன்றின் அளவு. பத்து மீற்றர் உயர மரக்கொப்பிலிருந்து விழுவது உள்ளங்கையளவு. வெயில் சாய்ந்தால் வட்டம் நீள்வட்டமாகும். ஓட்டை பெரிதாயும் தரை அண்மையிலும் இருந்தால் ஓட்டையின் வடிவமே விழும். யன்னல் வெயில் யன்னல் வடிவிலேயே அறைக்குள் விழுவது இதனாலேதான்.

ஐயமுள்ளோர் இன்றைக்கே சோதிக்கலாம். உடைந்த கண்ணாடியிலிருந்து விரல்நகம் அளவான சதுரத் துண்டொன்றை எடுத்து, ஓரம் கையை வெட்டாதவாறு கடதாசியில் ஒட்டிக்கொள்ளுங்கள். முற்றத்து வெயிலில் அதைப் பிடித்து, எதிரேயுள்ள இருண்ட அறையின் சுவரிலே ஒளியை விழச்செய்யுங்கள். அருகில் நின்றால் சுவரில் விழுவது சதுரம். பின்னோக்கி நடந்து பத்து மீற்றர் போனதும் அச்சதுரம் வட்டமாகிவிடும். கண்ணாடித் துண்டைப் பிள்ளைகள் யாரும் குனிந்து பார்க்காதிருக்க வேண்டும், சுவரையே பார்க்கட்டும்.

இனிக் கிரகணத்துக்கு வருவோம். 1955 ஆம் ஆண்டு யூன் 20 ஆந் திகதி முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் இலங்கையைக் கடந்து சென்றது. 2010 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆந் திகதி யாழ்ப்பாணத்திலே கங்கண கிரகணம் தோன்றி, சூரியன் பத்து நிமிடமளவு வளையல்போல் நின்றது. 2019 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி காலையிலும் வடபகுதியில் அத்தகைய வளையம் தோன்றியது. இத்தகைய நாட்களில், மேகம் மறைக்காத இடங்களில், மரநிழற் காசுகள் ஒவ்வொன்றும் பிறையாகி, வளையமாகி, மீண்டும் பிறையாகும். வானத்தில் நடப்பது முழுவதும் காலடியில் ஆயிரம் பிரதிகளாக நடந்துகொண்டிருக்கும். மக்களோ பெரும்பாலும் அண்ணாந்தே நிற்பர்.

அண்ணாந்து பார்ப்பதில் என்ன தீங்கு? பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காய்ந்த சருகைப் பற்றவைத்த சிறுவனுக்கு இதனை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் விழிக்குள்ளும் ஒரு வில்லை இருக்கிறது. அது சூரியனின் விம்பத்தை, மில்லிமீற்றரில் ஆறிலொரு பங்கு அகலமான பொட்டாக, விழித்திரையின் மேற் குவிக்கிறது. நேரே நோக்கும்போது அப்பொட்டு விழுமிடம் விழித்திரையின் நடுவிடம். எழுத்து வாசிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காண்பதும் அச்சிறு இடத்தால் ஆகும் காரியங்கள். வெப்பத்தைவிடக் கூடுதலாக, செறிந்த ஒளி அங்கே விளைக்கும் இரசாயன மாற்றமே ஊறு செய்கிறது. விழித்திரைக்கு நோவை உணரும் நரம்பில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்றுமே தெரியாது. சில மணி நேரத்தின் பின்னரோ மறுநாட் காலையிலோ புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்கு, பார்க்கும் எழுத்தின் மேலேயே ஒரு மங்கல் நிற்கும். சிலருக்கு மாதக்கணக்கில் அது குறைந்துவிடுவதுண்டு, சிலருக்கு நிலைத்தும்விடும். அதனைத் தீர்க்கும் மருந்து என்று நிலைநாட்டப்பட்டது எதுவும் இல்லை.

கிரகணச் சூரியனின் கதிரில் நஞ்சு இருக்கிறதா என்று பலர் கேட்பர். இல்லை. அது நாள்தோறும் காணும் அதே வெயில். அளவிற் குறைந்தது, அவ்வளவே. மற்றைய நாட்களில் சூரியனை நோக்கினால் கண் கூசி, இமை தானாக மூடிவிடும். கிரகண நாளில் வெளிச்சம் மங்குவதால் கூச்சமும் குறைகிறது. கண்மணித் துவாரமும் விரிந்து கொடுக்கிறது. மறையாமல் எஞ்சிய கீற்றோ முன்னைய உக்கிரம் குறையாமல் அப்படியே எரிந்துகொண்டிருக்கிறது. கங்கண கிரகணத்தில் வளையம் நிற்கும் நேரத்திலும் நிலைமை இதுவே. முழுக் கிரகணத்தில், தட்டு முற்றாக மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டுமே வெறுங்கண்ணால் நோக்கலாம். கிரகணம் முடியும்வரை பிள்ளைகளை வீட்டுக்குள்ளே வைத்திருந்த பழைய வழக்கத்தைச் சிலர் எள்ளி நகையாடுவதுண்டு. அதற்குக் கூறப்பட்ட காரணம் தவறாயிருக்கலாம். ஆனாலும் எத்தனையோ கண்கள் அவ்வழக்கத்தாற் பிழைத்திருக்கும்.

கரிபிடித்த கண்ணாடியூடாகவும், பழைய எக்ஸ்ரே படத்தினூடாகவும், நிறக் கண்ணாடி அணிந்தும் பார்ப்போர் உண்டு. இவை கூச்சத்தைக் குறைக்கும். ஊறு செய்யும் கதிர்களைப் போதிய அளவு தடுக்கமாட்டா. ஆதலால் வெறுங்கண்ணைவிட இவையே கூடுதலான ஆபத்தை விளைக்கலாம். கூச்சமில்லாதவன் நெடுநேரம் பார்ப்பான் அல்லவா? பாத்திரத்திலே மஞ்சள்நீரை வைத்து அதில் தெரியும் சூரியனைப் பார்ப்பதும் நம் வீடுகளிற் கண்ட வழக்கமே. நேர்மேலிருந்து விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கை நீர்ப்பரப்புத் தெறிக்கச் செய்கிறது. சாய்ந்து விழுந்தால் இன்னுங் கூடும். நூற்றுக்கு இரண்டு என்பது சொற்பமாகத் தோன்றும். கிரகணம் பார்ப்பதற்கென்றே செய்யப்படும் தகுந்த கண்ணாடிகளோ இலட்சத்தில் மூன்று பங்களவு ஒளிக்கு மேல் உள்ளே விடுவதில்லை. ஆகவே, அந்நீர் காட்டும் சூரியன் அக்கண்ணாடி காட்டுவதிலும் அறுநூறு மடங்குக்குக் குறையாத ஒளியுடையது. நியூற்றனே இவ்விடயத்தில் தவறினார். முகம் பார்க்கும் கண்ணாடியிலே தெரிந்த சூரியனை ஒரு கண்ணால் பலமுறை உற்றுநோக்கியதன் பயனாக, மூன்று நாள் இருட்டறையில் அடைந்துகிடக்க நேர்ந்தது என்று 1691 ஆம் ஆண்டு தம் நண்பர் லொக்குக்கு எழுதினார். அப்பொட்டு அதன் பின்னரும் பல மாதங்கள் அவர் கண்முன் வந்து வந்து போயிற்று.

அடுத்து இலங்கையில் நன்கு தெரியக்கூடிய கிரகணம் 2027 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2 ஆந் திகதி வருகிறது. இங்கே அது பகுதிக் கிரகணமே. பிற்பகல் சாய்ந்த வேளையில் மேற்கு வானிலே நிகழும். மாலைச் சூரியன் தானே என்று எண்ணிவிடலாகாது. அடிவானத்தைத் தொடும் சூரியன் சிவந்து தணிவது, அதன் கதிர் மிக நீண்ட காற்றுப் படலத்தைக் கடந்து சிதறிப்போவதனால். அந்நிலைக்கு இறங்குமுன் அது வெறும் வெயிற் சூரியனே. 2031 ஆம் ஆண்டு மே 21 ஆந் திகதி தென்னிந்தியாவையும் இலங்கையின் வடபகுதியையும் மீண்டும் ஒரு கங்கண கிரகணம் தொடவிருக்கிறது.

அந்நாட்களுக்கு வேண்டிய கருவி ஒரு துண்டுக் கடதாசி மட்டையே. மட்டையிலே ஊசியால் ஒரு துளையிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, மட்டையின் நிழல் வெள்ளைத் தாளில் விழுமாறு பிடிக்க வேண்டும். நிழலின் நடுவே சிறு பிறை தோன்றும். துளையூடாகச் சூரியனைப் பார்ப்பது அன்று. துளையால் விழும் ஒளியைத் தாளிற் பார்ப்பதே முறை. பெரிய விம்பம் வேண்டுவோர் மேலே கூறிய கண்ணாடித் துண்டைக் கதிரையொன்றில் அசையாது நிறுத்தி, அறைச் சுவரிலே விழுத்தலாம். வீட்டார் எல்லாரும் சூழ இருந்து பார்க்க அது போதும். சிறு பிள்ளைகளுக்குக் கண்ணாடியும் கொடுக்கவேண்டாம். ஒரு கை விரல்களை மறு கை விரல்கள் மேல் குறுக்காக வைத்து முற்றத்து மணலில் நிழல் விழுத்தச் சொன்னால், இடைவெளிக்கு ஒன்றாகப் பிறைகள் வரிசையாய் வந்து நிற்கும். சற்றே பெரிய பிள்ளைகள், தம் பெயரின் எழுத்துக்களை மட்டையிலே ஊசித்துளைகளாற் குத்திக்கொள்ளட்டும். துளைக்குத் துளை மூன்று சென்றிமீற்றர் இடைவிட்டு, மட்டையைத் தாளுக்கு ஒரு மீற்றர் மேலே பிடித்தால், பெயர் முழுவதும் பிறைகளால் எழுதப்பட்டிருக்கும்.