மலைப்பாதையும் மாற்று டயரும்: வாகன உரிமையாளர் அறிய வேண்டியவை

மலைநாட்டில் வாகன விபத்தொன்று நிகழும்போதெல்லாம் வீதியின் நிலை, சாரதியின் வேகம், பிரேக்கின் தரம் ஆகிய மூன்றுமே பேசப்படுகின்றன. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறையில் தனியார் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டபோதும், 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தபோதும் இவையே விவாதிக்கப்பட்டன. இவ்விபத்துகளுக்கு டயரே காரணம் என்பது நமது வாதமன்று. ஆயினும் ஓர் உண்மையை நாம் மறந்துவிடுகிறோம். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. வாகனத்தை நிறுத்துவது டயர். ஏறத்தாழ உள்ளங்கையளவில் தரையைத் தொடும் நான்கு ரப்பர் பரப்புகளை நம்பியே நாம் பதுளையிலிருந்து பசறைக்கும், பெரகலையிலிருந்து கொஸ்லாந்தைக்கும் இறங்குகிறோம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளும் பழைய வாகனங்களைக் கொண்டே மக்கள் காலத்தை ஓட்டினர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் டயர் விலை சாதாரண குடும்பங்களுக்கு எட்டாத உயரத்திற்குச் சென்றது. கிடைத்த அளவை, கிடைத்த பெயரில், கிடைத்த விலைக்கு வாங்கிப் பொருத்தும் பழக்கம் அக்காலத்தில் வேரூன்றியது. நெருக்கடி தணிந்த பின்னரும் அப்பழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை.

முதலில் அளவைக் கவனிப்போம். நமது வீதிகளில் பெருமளவில் ஓடும் வேகன் ஆர் காரின் டயரில் 155/65 ஆர் 14 என்றும், அதனையடுத்து 75 எஸ் என்றும் பொறிக்கப்பட்டிருக்கும். டயரின் அகலம் 155 மில்லிமீற்றர்; பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம்; ‘ஆர்’ என்பது ரேடியல் அமைப்பு; ரிம்மின் விட்டம் 14 அங்குலம். 75 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 387 கிலோகிராம் தாங்கும் என்பது அதன் பொருள். ‘எஸ்’ என்பது மணிக்கு 180 கிலோமீற்றர் வேக வரம்பைக் குறிக்கும். இக்கணக்கின்படி டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 557 மில்லிமீற்றர்.

இதே ரிம்மில் 165/70 ஆர் 14 அளவிலான டயரைப் பொருத்தினால் விட்டம் 587 மில்லிமீற்றராகிறது. இது ஐந்து சதவீதத்திற்கு மேற்பட்ட வேறுபாடாகும். வேகமானி 60 எனக் காட்டும்போது வாகனம் உண்மையில் 63 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும். அதைவிடப் பாரதூரமானது வேறொன்று. சக்கரம் பெரிதாகும் அளவுக்கு, மிதியில் அதே அழுத்தத்தைக் கொடுத்தாலும் தரையில் பிரேக்கின் பிடி குறைகிறது. ஏற்றத்தில் இழுவையும் அவ்வாறே குறைகிறது. முழுச் சுமையோடு கொண்டை ஊசி வளைவில் சுக்கானைத் திருப்பும்போது டயர் சக்கரக் கூட்டின் உட்புறத்தில் உராயவும் கூடும். மூல விட்டத்திலிருந்து மூன்று சதவீதத்திற்கு மேல் விலகலாகாது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு.

வரம்புக்குள் இருப்பதாலேயே ஒரு டயர் நமக்கு ஏற்றதாகிவிடுவதில்லை. வேகன் ஆரின் ஸ்டிங்ரே வகைக்கு 165/55 ஆர் 15 என்ற அளவும் உண்டு. அதன் விட்டம் 562 மில்லிமீற்றரே. வேறுபாடு ஒரு சதவீதம். ஆனால் பக்கச்சுவர் 101 மில்லிமீற்றரிலிருந்து 91 ஆகக் குறைகிறது. கொழும்பின் சீரான வீதியில் அது அழகு. ஸ்பிரிங்வெளி, தெமோதரை போன்ற தோட்டங்களின் கல் பரவிய உட்பாதைகளில், குழியின் விளிம்பில் மோதும் அதிர்ச்சியைத் தாங்க வேண்டியது அந்தப் பக்கச்சுவரே. அதில் ஒரு சென்ரிமீற்றர் குறைந்தால் ரிம் வளைவதற்கும் டயரின் உள்நூல்கள் அறுபடுவதற்கும் வாய்ப்பு அதிகரிக்கிறது. தோட்டப்புறத்தில் வாழ்பவர் அலோய் ரிம்மின் கவர்ச்சிக்காகத் தாழ்ந்த டயருக்கு மாறுவது அறிவுடைமையாகாது.

அளவு சரியாயிருந்தும் டயர் தவறாயிருக்கலாம் என்பதே பலர் அறியாத செய்தி. தோட்டப் பிள்ளைகளை நகரப் பாடசாலைகளுக்கு ஏற்றிச் செல்லும் ஹைஏஸ் வான்களில் 195/80 ஆர் 15 என்ற அளவு பரவலானது. அதன் சுமைக் குறியீடு 107/105. தனிச் சக்கரமாகப் பொருத்தும்போது ஒரு டயர் 975 கிலோகிராம் தாங்கும். இதே 195/80 ஆர் 15 அளவில், சிறிய ஜீப் வகை வாகனங்களுக்கென 96 என்ற குறியீட்டுடன் வேறொரு டயரும் உண்டு. அது தாங்குவது 710 கிலோகிராம் மட்டுமே. இரண்டும் ஒரே ரிம்மில் பொருந்தும். பார்வைக்கும் வேறுபாடு தெரியாது. நான்கு டயர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் வித்தியாசம் ஒரு தொன்னுக்கும் அதிகம். ஆசனங்களுக்கு மேலாகப் பிள்ளைகளை நெருக்கி ஏற்றிய வானில் இந்த இரண்டாவது டயர் இருந்தால், நீண்ட இறக்கத்தின் வெப்பத்தில் அது வெடிக்கும் அபாயம் உண்டு. வான் உரிமையாளர் மிச்சம் பிடிக்கும் சில ஆயிரம் ரூபாய்க்கு ஈடாக வைக்கப்படுவது பிறர் பெற்ற பிள்ளைகளின் உயிர்.

அடுத்து, பெயர் பற்றிய கேள்வி. உள்நாட்டு டயரா, இந்திய டயரா, ஜப்பானிய டயரா சிறந்தது என்று வாதிடுவதில் பெரும் பயனில்லை. ஒரே நிறுவனமே பலதரப்பட்ட டயர்களைத் தயாரிக்கிறது. கவனிக்க வேண்டியது, ஒரே அச்சில் உள்ள இரு டயர்களும் ஒரே நிறுவனத்தினதாக, ஒரே வகையினதாக, ஏறத்தாழ ஒரே தேய்மானத்தினதாக இருத்தலே. இடது டயர் ஒருவிதமாகவும் வலது டயர் வேறுவிதமாகவும் ஈரத்தைப் பற்றினால், திடீரென பிரேக் பிடிக்கும்போது வாகனம் ஒரு பக்கம் இழுபடும். முன்னச்சில் ஒரு நிறுவனத்தின் டயரும் பின்னச்சில் வேறொன்றும் இருப்பது பெருங்குற்றமன்று. எனினும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வாகனங்களில் நான்கும் ஒத்த விட்டத்தில் இருத்தல் வேண்டும். இல்லையேல் கியர் அமைப்பு பழுதடையும்.

இரண்டு டயர்களுக்கு மட்டுமே பணம் இருக்குமாயின் புதியவற்றை எங்கே பொருத்துவது? முன்சக்கரங்களே விரைவில் தேய்வதால் அங்கே என்பர் பலர். உண்மை இதற்கு மாறானது. இறக்கத்தில் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் பின்சக்கரங்களின் பிடி ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அங்கே தேய்ந்த டயர் இருந்தால் மழை நாளில் வாகனத்தின் பின்புறம் வளைவில் வெளியே வீசப்படும். அதனை மீட்பது தேர்ந்த சாரதிக்கும் கடினம். முன்சக்கரம் வழுக்கினாலோ, வேகத்தைக் குறைத்ததும் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். ஆகவே புதியவை பின்னச்சுக்கே உரியவை.

பாவித்த டயர் வாங்குவோர் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்பது பொருள். பள்ளங்கள் ஆழமாகத் தோன்றினாலும் பல ஆண்டுகள் கழிந்த ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். ஜப்பானிலிருந்து வந்த வாகனங்களில் சில வேளைகளில் பனிக்காலத்திற்கான டயர்கள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் மென்மையான ரப்பர் நமது வெப்பத்திற்கு ஒவ்வாது. விரைவில் தேயும், பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும். பல நாடுகளின் சட்டம் பள்ளத்தின் ஆழத்திற்கு 1.6 மில்லிமீற்றர் என்ற எல்லையை வகுத்துள்ளது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை அடைமழை கொட்டும் பதுளைக்கு அந்த எல்லை வரை காத்திராமல், 3 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுவது நலம். காற்றழுத்தத்தையும் சாரதியின் கதவோரத் தகட்டில் உள்ளவாறே, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்ப வேண்டும். அங்கே 220 கிலோபஸ்கால் என்றிருந்தால் அது ஏறத்தாழ 32 இறாத்தல்.

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்திற்காக நமது வாகனங்கள் புகைப் பரிசோதனைக்கு உட்படுகின்றன. அப்பரிசோதனை புகையை அளக்கிறதேயன்றி டயரை அளப்பதில்லை. அதே தருணத்தில் பள்ளத்தின் ஆழத்தையும் சுமைக் குறியீட்டையும் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே போதும். குறைந்தபட்சம் பாடசாலை வான்களுக்காவது அதிகாரிகள் இதனைக் கட்டாயமாக்குதல் வேண்டும். அதுவரை பெற்றோரே அக்கடமையை மேற்கொள்ளலாம். பிள்ளை ஏறும் வானின் டயரில் 107 என்ற எண் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.