வைட்டமின் மாத்திரையும் பிழைபடும் இரத்தப் பரிசோதனையும்

இரத்தப் பரிசோதனை முடிவு நோயாளியின் நிலைக்குப் பொருந்தாமல் வரும்போது மாதிரி மாறிவிட்டதோ, கருவி பழுதோ என்று ஐயுறுவதே வழக்கம். ஆனால் இரண்டும் சரியாக இருந்தும், நோயாளி அன்றாடம் விழுங்கும் வைட்டமின் மாத்திரையே எண்களைத் திரித்துவிடுவதுண்டு. இவ்வகையில் பெரிதும் கவனிக்கப்பட வேண்டியது பயோட்டின் எனப்படும் பி7 வைட்டமின் ஆகும்.

தேவையும் மிகையும்

முட்டையின் மஞ்சள் கரு, ஈரல், கொட்டைப் பருப்புகள் முதலியவற்றில் உள்ள பயோட்டின், வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் அளவில் கிடைத்தாலே போதும். முடி உதிர்வுக்கும் நக உடைவுக்கும் என விற்கப்படும் மாத்திரைகள் பலவற்றிலோ 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கிறது. 10 மில்லிகிராம் என்பது அன்றாடத் தேவையைப் போல் 300 மடங்குக்கும் மேல். குறைபாடு இல்லாதவருக்கு இதனால் முடி அடர்ந்து வளரும் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்பது ஒருபுறம் இருக்க, நீரில் கரையும் வைட்டமின் என்பதால் மிகுதி சிறுநீரில் போய்விடும், தீங்கில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உடலைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியே. ஆய்வகத்தைப் பொறுத்தவரை சரியன்று.

சோதனைக்குள் நிகழ்வது

இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் உள்ள ஹார்மோன்களை அளக்க, அவற்றை மட்டும் இனங்கண்டு பற்றும் எதிர்ப்பொருள்கள் என்னும் புரதங்கள் பயன்படுகின்றன. பல கருவிகளில் இந்த எதிர்ப்பொருளோடு பயோட்டினை இணைத்து, பாக்டீரியாவிலிருந்து பெறப்படும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய நுண்துகள்களில் அதை ஒட்டவைக்கிறார்கள்; இவ்விரண்டுக்கும் இடையிலான பிணைப்பு மிக வலிமையானது என்பதே அதற்குக் காரணம். நோயாளியின் இரத்தத்திலேயே பயோட்டின் மிகுந்திருந்தால், அது துகள்களின் பற்றிடங்களை முன்னதாகவே நிறைத்துவிட, ஒட்ட வேண்டியது ஒட்டாமல் கழுவப்பட்டுப் போகிறது. கருவி பதியும் குறிகையும் குறைகிறது.

இந்தக் குறைவு எல்லாச் சோதனைகளிலும் ஒரே திசையில் பிழையை உண்டாக்குவதில்லை. தைராய்டு சுரப்பியைத் தூண்டும் டி.எஸ்.ஹெச்., மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் போன்ற பெரிய மூலக்கூறுகளை இருபுறமும் எதிர்ப்பொருள் கொண்டு பிடிக்கும் முறையில் குறிகை குறைந்தால் அளவும் குறைவாகத் தெரியும். கார்டிசால், தைராய்டு சுரக்கும் தைராக்சின் போன்ற சிறு மூலக்கூறுகளுக்கான போட்டி முறையில், குறிகை குறைவது பொருள் மிகுதி என்பதன் அடையாளமாதலால், அளவு பொய்யாக உயர்ந்து தெரியும்.

இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தால், குறைந்த டி.எஸ்.ஹெச்., உயர்ந்த தைராக்சின் என்று, தைராய்டு மிகைச்சுரப்பின் இலக்கணம் முழுமையாக அமைந்துவிடுகிறது. ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதுபோல் தோன்றும் இரு பிழைகள் என்பதாலேயே இது தனித்த பிழையைவிட ஏமாற்றக்கூடியது. நலமான சுரப்பிக்கு மருந்து கொடுக்கும் நிலை ஏற்படலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில், ட்ரோபோனின் பொய்யாகக் குறைவாகக் காட்டப்பட்டதைத் தொடர்ந்து ஒருவர் இறந்ததும் குறிப்பிடப்பட்டது. அதன்பின் உற்பத்தியாளர்கள் சிலர் தம் முறைகளை மாற்றியமைத்துள்ளனர் என்றாலும், எந்த ஆய்வகம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பதை நோயாளி தாமாக அறிவது கடினம்.

பிற வைட்டமின்கள்

வைட்டமின் சி எளிதில் எலெக்ட்ரான்களைக் கொடுக்கும் இயல்புடையது. ஆகவே நிறமாற்றத்தை நம்பும் சோதனைகளில் நிறம் தோன்றவிடாமல் தடுத்து, சிறுநீரில் சர்க்கரையோ இரத்தமோ இருந்தும் இல்லை என்று காட்டச் செய்யும். ஃபோலிக் அமிலத்தின் வழி வேறு: பி12 குறைபாட்டால் வந்த இரத்தசோகையை அது சீராக்கிவிடுவதால் இரத்த எண்ணிக்கை நன்றாகத் தெரிய, நரம்புச் சேதம் மட்டும் உள்ளே தொடரும்.

பரிசோதனைக்கு முன்

தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் அறிவுரை. பேரளவில் உட்கொள்வோருக்கும் சிறுநீரகச் செயல் குன்றியோருக்கும் இன்னும் கூடுதல் நாள் தேவைப்படும். மருத்துவர் எழுதிக்கொடுத்த பயோட்டினைத் தாமாக நிறுத்தலாகாது. பல்வகை வைட்டமின் மாத்திரைகளிலும் இது கலந்திருப்பதால், உறையைப் படித்துப் பார்ப்பதோடு, மருந்துகளைப் பற்றி மருத்துவர் கேட்கும்போது இவற்றையும் சேர்த்துச் சொல்வது நல்லது. நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வருவோருக்கு நிறுத்திக் காத்திருக்க நேரமில்லை; அவர்களோ உடன் வருவோரோ பயோட்டின் உட்கொள்வதை அங்குள்ள மருத்துவரிடம் உடனே தெரிவித்துவிட வேண்டும்.