உடன் புறப்பட்டார்கள், உடன் திரும்பவில்லை

ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் நட்பு ஒரு வகை. முன்பின் அறியாதவர்கள் அயல்நாட்டுப் பயணத்தில் சந்தித்து, ஒரே பானைச் சோற்றை உண்டு வளர்க்கும் நட்பு இன்னொரு வகை. பாதி வழியில் ஒருத்தி கண் மூடிவிட்டால், அவளைப் பற்றிச் சொல்லக் கூடச் சென்றவளைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

ஜான்சி ராணிப் படைப் பெண்களுக்கு நேர்ந்தது இதுதான்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் பெண்களைப் படைக்கு அழைத்தார். அக்டோபர் 22ஆம் நாள் வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தலைமை ஏற்றவர் டாக்டர் லட்சுமி. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். கோலாலம்பூர் ஜானகி, ஈப்போ ராசம்மா, அவருடைய சகோதரி பொன்னம்மா போன்ற படித்த பெண்களும் வந்தார்கள். வெளியே இருந்த சாதி மத வேற்றுமைக்கு முகாமில் இடமில்லை. துப்பாக்கிப் பயிற்சியும் ஒன்றாக, சாப்பாடும் ஒன்றாக.

பிறகு பர்மா பயணம். நம் தோட்டத்து ஆண்கள் பல்லாயிரவர் மாண்டு போட்ட சயாம் மரண ரயில் பாதை வழியாகவே இவர்களும் சென்றார்கள். மேமியோவில் காயம்பட்ட வீரர்களுக்குத் தாதிகளாகப் பணியாற்றினார்கள்.

1945இல் ஜப்பானியப் படை பின்வாங்கியது. பெண்களையும் ரங்கூனிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். ஒரு குழு வந்த ரயிலைக் கொரில்லாக்கள் வழியில் சுட்டார்கள். ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரு பெண்கள் உயிரிழந்தார்கள். ஏப்ரல் 24ஆம் நாள் கடைசியாகப் புறப்பட்ட ஜானகியின் குழு, நேதாஜியுடன் பெரும்பாலும் இரவு நேரங்களில் நடந்து, மே மாதம் பாங்காக் சேர்ந்தது.

உயிர்நீத்த வீரர்களுக்காகச் சிங்கப்பூர் எஸ்பிளனேட் கடற்கரையில் நேதாஜி எழுப்பிய நினைவுச் சின்னத்தை, 1945இல் திரும்பி வந்த ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் நாட்டப்பட்டது 1995இல்தான். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளும் இறந்தவர்களுக்குக் கல்லாக இருந்தது தோழிகளின் நெஞ்சு.

ஜானகி 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது உடன் நின்றார், பின்னாளில் செனட்டரானார். ராசம்மா ஆசிரியையாகி, பெண்களுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். உயிரோடு திரும்பிய இப்படிப்பட்ட தோழிகள் சொல்லித்தான் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற பெயர்களாவது நமக்குத் தெரியும். ஜானகி 2014 மே 9ஆம் நாள் மறைந்தார். அந்தத் தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது.

கிளேபாங்கிலும் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் உள்ள அன்பு வாசகர்களே! "சயாமுக்குப் போனபோது என்னோடு ஒருத்தர் வந்தார், பாவம், திரும்பவில்லை" என்று உங்கள் வீட்டுப் பாட்டியோ தாத்தாவோ எப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பெயர் நினைவிருந்தால், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் இன்றே எழுதி வையுங்கள். எந்தத் தோட்டம், யாருடைய மகன், எந்த ஊரில் இறந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சமாதி இல்லாதவர்களுக்கு அந்த ஒரு வரியே சமாதி.