நுவரெலியாவின் செங்கற் கந்தோர்

சித்திரை மாதத்தில் நுவரெலியாவுக்குச் செல்லும் நம்மவர் விக்டோரியாப் பூங்காவின் மலர்களையும் கிறகறி வாவியின் படகுகளையும் கண்டு களிப்பர். லீக்ஸும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவர். பூங்காவுக்கு அண்மையில், மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தலையிற் சூடி நிற்கும் செங்கற் கட்டடத்தைப் படம் பிடிப்போர் பலர். அதுவே தபாற் கந்தோர் என்று உள்ளே புகுந்து முத்திரை வாங்குவோர் சிலரே.

1894ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் தம் நாட்டுப் பழைய தியூடர் பாணியில் இதனை அமைத்தனர். குளிர் தேடி வந்த அவர்களுக்கு இவ்வூர் ஒரு குட்டி இங்கிலாந்து. தேசாதிபதி பார்ண்ஸ் வாழ்ந்த மாளிகை பின்னர் கிராண்ட் ஹோட்டலாயிற்று. 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ப் கழகம் என ஒவ்வொன்றாய்த் தோன்றின. அவையெல்லாம் துரைமாருக்கு உரியவை. தபாற் கந்தோரோ துரையின் கடிதத்தோடு தோட்டத் தொழிலாளியின் கடிதத்தையும் ஏற்றது.

ஏற்றதென்னவோ உண்மை, போய்ச் சேர்ந்த விதம் வேறு. துரையின் பங்களாவுக்குப் பெயருண்டு. லயத்துக் காம்பராவுக்குத் தனி இலக்கமில்லை. தோட்டத்தின் பெயரே அங்குள்ள அனைவருக்கும் விலாசம். தபாற் பையைச் சுமந்து வருவதற்கென ஒருவர் இருந்தார். அவர் கொணர்ந்தவை தோட்டக் கந்தோரில் இறங்கி, அங்கிருந்தே லயங்களுக்குச் செல்லவேண்டும். ஒரே பெயருடைய இருவர் இருந்துவிட்டால் கடிதம் யார் கைக்குப் போகும்? நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கிடைத்ததென்று கலங்கிய மாணவரை மலையகத்து ஆசிரியர் பலர் அறிவர். இக்குறை இன்றும் முற்றாக நீங்கவில்லை.

2023இல் இக்கட்டடத்தை ஹோட்டலாக்குதற்குக் கொடுத்துவிட அரசாங்கம் முனைந்தது. ஹோட்டலுக்கா பஞ்சம் நுவரெலியாவில்! அவ்வாண்டு நவம்பரில் தபால் ஊழியர் நாடெங்கும் வேலைநிறுத்தஞ் செய்தனர். 2024இல் ஆட்சி மாறிய பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. நமக்கு அதில் மகிழ்ச்சியே. எனினும், கோபுரத்துக்காகக் குரல் கொடுத்த பத்திரிகைகள் லயத்து விலாசத்துக்காகவும் அவ்வளவு எழுதியிருக்கலாம் என்பது நம் கருத்து.

அடுத்த சித்திரையில் அங்கு செல்லும் வாசகர்கள் படியேறி ஒரு தபாலட்டையேனும் எழுதிப் போடுவார்களாக. அது தோட்டத்து நண்பருக்காயின், டிவிசன் பெயரோடு அவர் தகப்பனார் பெயரையும் மறவாது எழுதுக.