கோப்புறையின் பாதையை நிரல் எப்படி அறிகிறது?

ஒரு வீட்டுக் கணினியில் ஆவணக் கோப்புறை சி டிரைவில் இருக்கும். பக்கத்து வீட்டில் டி டிரைவுக்கு மாற்றியிருப்பார்கள். லினக்ஸைத் தமிழில் நிறுவினால் கோப்புறையின் பெயரே தமிழில் அமையலாம். அதனால்தான் பாதையை நிரலில் நேரடியாக எழுதக் கூடாது.

பிறகு எப்படி? விண்டோஸ் விஸ்டா முதல் ஒவ்வொரு நிலையான கோப்புறைக்கும் 128 பிட் அடையாள எண் உண்டு. அதைக் கொடுத்துக் கேட்டால், அந்தந்தப் பயனருக்குரிய பாதையை இயங்குதளமே சொல்லும்.

ஒரு கோப்பு அந்தக் கோப்புறைக்குள் இருக்கிறதா என்று அறிய, இரண்டையும் முழுப் பாதையாக்கிப் பகுதி பகுதியாக ஒப்பிட வேண்டும். தொடக்க எழுத்துகளை மட்டும் பார்த்தால் ‘படங்கள்’, ‘படங்கள்2’ இரண்டும் ஒன்றாகிவிடும். பல கோப்புறைகள் பொருந்தினால், மிக நீளமாகப் பொருந்தும் பாதையே சரியான விடை.