கடிதத்தை முந்தி வந்த பறவை!

கடல் கடந்து 3 ஆயிரம் மைலுக்கு அப்பால், அமெரிக்காவில் ஒரு பறவையைக் கொண்டு போய் விட்டார்கள். அது தன் கூட்டுக்குத் திரும்பி வந்து விட்டது. "பறவையை விட்டு விட்டேன்" என்று அங்கிருந்து எழுதிய கடிதம், அதன் பிறகுதான் வந்து சேர்ந்தது!

இது கற்பனைக் கதை அல்ல. 1952-ம் ஆண்டில் நடந்த உண்மைச் சம்பவம்.

காற்று வீசும் தீவு

பிரிட்டனின் மேற்குப் பகுதி, வேல்ஸ். அதன் கடலோரத்தில் ஸ்கோக்ஹோம் என்று ஒரு சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. பரப்பு சுமார் 250 ஏக்கர்தான். அட்லாண்டிக் சமுத்திரத்தின் காற்று அங்கே சுழன்று வீசும்.

1927-ல் ரொனால்டு லாக்லி என்பவர் அந்தத் தீவைக் குத்தகைக்கு எடுத்தார். முயல் வளர்த்துப் பிழைக்கலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் அவர் மனம் பறவைகளிடம் போய் விட்டது. 1933-ல் அங்கே பறவை ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். பிரிட்டனில் அதுவே முதலாவது.

இரவில் வரும் பறவை

அங்கே ஏராளமாக வாழும் பறவை, "மேங்க்ஸ் ஷியர்வாட்டர்." முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. தரையில் உள்ள வளைதான் அதன் கூடு. ஒரே ஒரு முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்.

கால்கள் உடலின் பின்பக்கம் இருப்பதால் அதனால் தரையில் சரியாக நடக்க முடியாது. பகலில் வந்தால், பெரிய கடற்காகங்கள் கொன்று விடும். ஆகவே இருட்டிய பிறகே கரைக்கு வரும். அப்போது அது போடும் கூச்சல், பேய் அலறுவது போல இருக்கும்!

விமானத்தில் பயணம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகர இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்தவர் ரோசாரியோ மாஜியோ. இவர் ஸ்கோக்ஹோம் பறவைகள் இரண்டைப் பெட்டியில் வைத்து, விமானத்தில் கொண்டு சென்றார். பாவம், ஒன்று வழியிலேயே இறந்து விட்டது.

மற்றொன்றை ஜூன் 3-ந் தேதி பாஸ்டன் விமான நிலையத்தின் ஓரத்தில் பறக்க விட்டார்.

ஜூன் 16-ந் தேதி. விடிய இன்னும் நேரம் இருந்தது. ஸ்கோக்ஹோமில் அதே வளைக்குள் அதே பறவை! காலில் இருந்த எண் பொறித்த வளையம் அடையாளம் காட்டியது. பன்னிரண்டரை நாளில் அட்லாண்டிக்கைக் கடந்து வந்திருந்தது!

வழி எப்படித் தெரிந்தது? சூரியனா, பூமியின் காந்த சக்தியா, வாசனையா என்று விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்கிறார்கள்.

குஞ்சுகள் செய்வதோ இன்னும் அதிசயம்! தாய் தகப்பன் விட்டுச் சென்ற பிறகு, தனியாகவே தென் அமெரிக்கக் கடலுக்குப் பறந்து போகின்றன.

எலிதான் எமன்

இந்தப் பறவைக்குப் பெரிய ஆபத்து, எலி. லண்டி என்ற தீவில் எலிகள் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தன. 2002-ல் தொடங்கி எலிகளை ஒழித்தார்கள். அதன் பிறகு பறவைகள் பல மடங்கு பெருகின.

ஸ்கோக்ஹோமில் எலி இல்லை. பறவை பார்க்க வருகிறவர்கள், தங்கள் மூட்டைக்குள் எலி புகுந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே படகில் ஏற வேண்டும்.

3 ஆயிரம் மைல் கடந்தும் வீட்டைக் கண்டுபிடிக்கும் பறவை அது. திரும்பி வரும்போது அந்த வீடு பத்திரமாக இருக்க வேண்டாமா?