கூடலும் கூட்டும்

‘கூடு’ தன்வினை, ‘கூட்டு’ பிறவினை. ஆறுகள் தாமே கூடும். காயையும் பருப்பையும் சமைப்பவர் கூட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் திருநெல்வேலிச் சீமையில் நல்ல சான்றுகள் உண்டு.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணியோடு, கயத்தாறும் குற்றால மலையிலிருந்து வரும் சிற்றாறும் சீவலப்பேரி அருகே சேர்கின்றன. மூன்று ஆறுகள் கூடுவதால் அந்த இடம் முக்கூடல். முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இதுதான். அதன் நாயகன் அழகக் குடும்பனுக்கு இரண்டு மனைவியர். மூத்தவள் முக்கூடல்காரி, இளையவள் மருதூர்க்காரி. இவ்வளவு உயிர்ப்போடு உழவர் வாழ்வைப் பாடிய புலவரின் பெயர் நமக்குக் கிடைக்காமல் போனது பெரிய இழப்பு. இன்று பேருந்துப் பலகையில் காணும் முக்கூடல், திருநெல்வேலிக்கு மேற்கே அதே ஆற்றங்கரையில் இருக்கும் வேறோர் ஊர்.

அடுப்படியில் இதே சொல் கூட்டாஞ்சோறாகிறது. அரிசியும் துவரம்பருப்பும் ஒரே பானையில் வேகும். கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய் என்று வீட்டில் இருக்கும் காய்களும் முருங்கைக்கீரையும் அதில் சேரும். பிறகு புளிக்கரைசலும், தேங்காயோடு சீரகம், மிளகாய், சின்ன வெங்காயம் வைத்து அரைத்த விழுதும். கடைசியில் வடகம் தாளித்துக் கொட்டினால் தெருவே மணக்கும். பிள்ளைகள் வீட்டுக்கு வீடு அரிசி, பருப்பு கொண்டுவந்து சேர்ந்து ஆக்கும் விளையாட்டுச் சோற்றுக்கும் இதே பெயர்தான்.

‘கல’ என்பதும் சேர்ப்பதையே குறித்தாலும் அதன் நிறம் வேறு. பாலில் தண்ணீரைக் கலந்தால் பிறகு பிரித்தறிய முடியாது. கலப்படம் என்ற சொல் அங்கிருந்து வந்தது. கூட்டில் சேர்ந்த காய் காயாகவே தெரியும். கூட்டுப் பட்டாவிலும் அப்படித்தான்: நிலம் ஒன்றாக இருக்கும், உரிமையாளர் ஒவ்வொருவர் பெயரும் தனியாக நிற்கும். பெருங்காயத்தோடு மாவும் பிசினும் சேர்ந்த கூட்டுப் பெருங்காயம் மட்டும் இந்த வரம்புக்குள் அடங்காது.

கணக்கில் கூட்டல் என்றால் தொகை ஏறுவது. துடைப்பத்தால் கூட்டுவது குப்பையை ஓரிடத்தில் சேர்ப்பது. நெல்லைப் பேச்சில் அதற்குத் ‘தூத்து’ என்ற சொல்லும் உண்டு. ‘என் கூட வா’ என்பதில் இந்த வினையே வேற்றுமை உருபு போல நிற்கிறது. ‘மழை வரக்கூடும்’, ‘பொய் சொல்லக் கூடாது’ என்னும்போது துணைவினையாகி, முன்னதில் வாய்ப்பையும் பின்னதில் விலக்கையும் உணர்த்துகிறது.